எனக்கு மட்டும் தெரிந்த பிள்ளை

1

கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை டவுனிலும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓடித்திரிகிற தாய்மாருக்கு என் ஸலாம். இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெரிய படிப்புப் படித்தவள் அல்ல நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் எனக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். அவரே சின்ன வயதுப் பிள்ளைதான். மகனுக்கு இப்போதுதான் பாடசாலை வயது.

"ராத்தா, அதிபர் சொல்றாரு, மத்தப் புள்ளயள்ட தாய்மார் குறை சொல்றாங்களாம், இவன வீட்டயே வெச்சிக்கங்க எண்டு. நான் விடமாட்டன். கல்விக் கந்தோருக்கு ஏறி இறங்கிக்கொண்டுதான் இரிக்கன். நீங்க அங்க இங்கிலீசுக்காரனோட எப்பிடிச் சண்டை பிடிச்சீங்க எண்டு எனக்குச் சொல்லித் தாங்க."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் உடனே பதில் சொல்லியிருப்பேன். கடைசியில் சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "அஸருக்கும் பாங்கு சொல்லிட்டாங்க ராத்தா, நான் இன்னும் பகல் சோறு தின்னல்ல. அவ்வளவு ஓட்டம்."

அந்தச் சிரிப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு முந்தி ரீட்டா அக்கா என்று ஒருவர் இங்கே அப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

சண்டை பிடிக்கிற விதத்தைச் சொல்லித் தரலாம், தங்கச்சி. அதற்கு முதல் இதைக் கேளுங்கள்.

2

நான் இருப்பது இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரம். கடல் இல்லை, களப்பு இல்லை. மழை மட்டும் உண்டு. சுபஹு தொழுததும் மகன் இஹ்ஸானை எழுப்புவேன். இப்போது என்னைவிட உயரமாகிவிட்டான். வாயால் கதைக்க மாட்டான். பாணின் கரையை வெட்டி வைத்தால்தான் கையை நீட்டுவான். குசினிக் கதவு பாதி திறந்திருக்க வேண்டும். முழுதாகத் திறந்தாலும் தலையில் அடித்துக்கொள்வான், மூடினாலும் அடித்துக்கொள்வான். சட்டையை முதலில் போட்டுவிட்டால் காற்சட்டை போட விடமாட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அது எனக்கு ஒரு பெருமையாகவே இருந்தது.

பாடசாலை வாகனம் அவனை ஏற்றிக்கொண்டு போனதும் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். எல்லாம் தமிழ் பேசுகிற தாய்மார். நகரக் கவுன்சிலிலிருந்து வந்த கடிதம் விளங்கவில்லை, பாடசாலைக் கூட்டத்துக்குத் துணைக்கு வர வேண்டும், பிள்ளைக்குப் பாடசாலை பஸ் தர மாட்டோம் என்கிறார்கள், இப்படி. நான் ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவள். ஆங்கிலத்தில் சித்தியும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எந்தச் சொல்லை எந்த இடத்தில் போட்டால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார் என்று பழகிவிட்டேன். நான் வருகிறேன் என்றால் கூட்டத்துக்கு அதிகாரிகள் பக்கம் ஒரு ஆள் கூடுதலாக வருவார் என்று தாய்மார் பகிடி பண்ணுவார்கள்.

அப்படிப்பட்ட நான் டாக்டருக்கு முன்னால் போய் இருந்தால் ஊமை. உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் "ஓகே, ஓகே" என்பேன். மகனுக்காகக் கதைக்க ஒரு அகராதியே வாயில் இருந்தது. எனக்காகக் கதைக்க ஒரு வசனம் இருக்கவில்லை.

என்னை இந்த வழிக்குக் கொண்டுவந்தவர் ரீட்டா அக்கா. திருகோணமலை ஓர்ஸ் ஹில்காரி. ஊரில் இருந்தபோது எனக்கு அவரைத் தெரியாது. இங்கே ஒரு பாடசாலை வாசலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திருகோணமலையோ?" என்று கேட்டார். அவருக்கு ஒரே மகள், ஷெரின். இஹ்ஸானைப் போலத்தான். "உங்கட அல்லாஹ் ஒரு பக்கம், எங்கட மாதா ஒரு பக்கம். கவுன்சில் எங்க ஓடித் தப்பும், சொல்லு பாப்பம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்.

மார்பில் ஒரு கட்டி இருக்கிறதென்று என்னிடம் மட்டும் சொன்னார். "ஷெரின்ட கேஸ் முடியட்டும், பிறகு காட்டுவம்" என்றார். கேஸ் முடிந்தது. வென்றார். ஷெரினுக்கு நல்ல பாடசாலை கிடைத்தது. அந்தப் பாடசாலையின் முதல் தவணை முடிவதற்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

பார்க்க வேறு ஆள் இல்லாததால் ஷெரினை வேறொரு நகரத்தில் ஒரு இல்லத்தில் விட்டார்கள். நான் பார்க்கப் போனேன். சுத்தமான இடம், அன்பான ஆட்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஷெரினின் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அக்கா ஒவ்வொரு காலையும் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிற மயிர். வேறு யாரையும் சீப்பைக் கிட்டக் கொண்டுவர அவள் விடமாட்டாள். பாட்டுப் படித்தால் விடுவாள் என்று அக்கா ஒருநாள் சொன்னது ஞாபகம். எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. என் முக்காட்டுத் துணியைப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

அதைக் கண்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்காவிடம் வந்துகொண்டிருந்த தாய்மாரெல்லாம் என்னிடம் வந்தார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து நான் ஓடத் தொடங்கினேன். எனக்குச் சீனி வருத்தம் வந்தது, டாக்டர்மார் சொல்லுகிற நீரிழிவு. குளிசை தந்தார்கள். போடுகிற நாளும் உண்டு, மறக்கிற நாளும் உண்டு. மூத்த மகள் ஸஹ்லா, "எல்லாற்ற புள்ளைக்கும் கூட்டத்துக்குப் போறீங்க உம்மா, என்ட சோதினை எப்ப எண்டு தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டிலிருந்து ஆகத் தூரத்தில் உள்ள பல்கலைக்கழகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். இப்போது தொலைபேசியில் ஸலாம் மட்டும் எங்கள் ஊர் மாதிரிச் சொல்லுகிறாள். மிச்சமெல்லாம் ஆங்கிலம்.

3

பாடசாலை விடுமுறையும் நோன்பின் கடைசிப் பத்து நாளும் ஒன்றாக வந்த ஒரு வருடம், இஹ்ஸானைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவனுடைய வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், என் கூடப்பிறந்த மூத்தவர் ஜெஸீமா ராத்தாவின் வீட்டில் நின்றோம். களப்பு நடை தூரத்தில்.

போவதற்கு முன்பு டாக்டர் நோன்பு பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பள்ளிவாசலில் ஹஸரத்தும் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று பயானில் சொன்னவர்தான். இரண்டு இடத்திலும் தலையாட்டினேன். சலுகை மற்றவர்களுக்கு என்று நினைத்தேன். நோன்பு திறக்கிற நேரத்தில் கேட்கிற துஆவுக்குக் கதவு திறந்திருக்கும் என்று சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். எனக்குக் கேட்க ஒரு துஆ இருந்தது. அதை நோன்பில்லாத வாயால் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். விடிய முதல் ஸஹர் நேரத்தில் சோறு இறங்காது. ஒரு தேத்தண்ணியோடு குளிசையைப் போட்டுவிட்டு நிய்யத்து வைப்பேன். பகலில் கை நடுங்கும். ராத்தா பார்ப்பார்.

"புள்ள, உன்ட முகம் சரியில்ல. இவன நான் கொஞ்சம் பாக்கிறன், நீ போய்ப் படு."

"உங்களால ஏலாது ராத்தா. உங்களுக்கு அவனத் தெரியாது."

"ஓம், எனக்குத் தெரியாதுதான். நாலு புள்ளய ஆகாயத்திலயா வளத்த நான்?"

நான் சிரித்துவிட்டு இஹ்ஸானின் பாணுக்குக் கரை வெட்டப் போனேன். என் கழுத்தில் வியர்வை குளிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

இஹ்ஸானுக்கு ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு களப்புக்குப் போக வேண்டும். சிப்பியைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்து வட்டம் விரிவதைப் பார்ப்பான். முழங்கால் மட்டும் இறங்குவான். போதும் என்றால் நான் இரண்டு தரம் கைதட்டுவேன். திரும்பி வந்துவிடுவான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கிட்டப்போய்ப் பிடித்தால் உதறிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவான். கைதட்டு ஒன்றுதான்.

அன்றைக்கு அவன் தண்ணீருக்குள் நிற்கும்போது இங்கிலாந்திலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். கவுன்சில் பஸ்ஸை மறுத்துவிட்டதாம், அழுகிறார். நான் வெயிலில் நின்றபடி, என்ன பதில் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டிருந்த வசனம் பாதியில் எங்கோ போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் களப்பு இரண்டாகத் தெரிந்தது. கவிழ்த்து வைத்திருந்த தோணி ஒன்றில் சாய்ந்தேன். பிறகு மணலில் இருந்தேன். தொலைபேசி கையிலிருந்து விழுந்தது. அந்தத் தாயின் குரல் மணலுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

இஹ்ஸான் முழங்காலைத் தாண்டிவிட்டான். எனக்குத் தெரிகிறது. கையைத் தூக்கினேன். ஒரு கை வந்தது. மற்றக் கை வரவில்லை. வந்தபோது இரண்டும் ஒன்றில் ஒன்று படவில்லை, காற்றில் தவறிப் போயின.

காலையிலிருந்தே என் முகத்தைப் பார்த்துப் பயந்திருந்ததால் கஞ்சியை அடுப்பில் விட்டுவிட்டுப் பின்னால் வந்திருக்கிறார் ராத்தா. வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, முதலில் பிள்ளையைத்தான் பார்த்தார்.

"இஹ்ஸான்! டேய் மகன்! இஞ்ச வா!"

அவன் திரும்பவில்லை. ராத்தா உடுத்த உடுப்போடு தண்ணீரில் இறங்கினார். அவர் ஒரு எட்டு வைக்க, அவன் இரண்டு எட்டு உள்ளுக்குப் போனான். இன்னொரு எட்டு வைத்தார். தண்ணீர் அவனுடைய இடுப்புக்கு வந்தது. ராத்தா அப்படியே நின்றுவிட்டார். கல்லுப் போல நின்று, கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"நான் போகப் போக அவன் ஆழத்துக்குப் போறான்! என்ன செய்தா வருவான்? சொல்லு புள்ள! என்ன செய்ய வேணும்?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். எனக்குத் தெரியும் அது. நாக்கு எழும்பவில்லை. வாய்க்குள் பஞ்சு அடைத்தது போல. ராத்தா என் முகத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தண்ணீரிலிருந்து மெல்லப் பின்வாங்கி என்னிடம் ஓடி வந்தார். இஹ்ஸானின் பைக்குள் அவனுக்கென்று வைத்திருந்த மாம்பழச் சாற்றுப் பெட்டியை எடுத்துக் குழாயைக் குத்தி என் உதட்டில் வைத்தார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு சொல்லும் வராத வாயில் அப்போது ஒன்று வந்தது.

"நோன்பு."

"என்ன?"

"பாங்கு… இப்ப சொல்லிடும்."

இதை எழுதக் கை கூசுகிறது. பிள்ளையைக் காப்பாற்ற வராத சொல் இதற்கு வந்தது. அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த நோன்பு, இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அதுதான் எனக்குள் ஓடியது. களப்பின் மேலே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அந்த மஞ்சளுக்குள் என் பிள்ளை நெஞ்சளவு தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிப்பி தேடிக் கையைத் துழாவிக்கொண்டு நிற்கிறான்.

ராத்தா என் தாடையைப் பிடித்தார். "நீ மௌத்தாப் போனா இவன ஆரு கூப்பிடுற? ஆருக்குத் தெரியும்? குடி! குடி எண்டு சொல்றன்!"

குடித்தேன். மூக்காலும் வழிந்தது. ராத்தாவின் சத்தத்துக்கு வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து, விஷயம் விளங்கி, தோணியை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் ஆழத்துப் பக்கமாகச் சுற்றிப் போய் நின்றார். அவர் கிட்டப் போகவில்லை. அந்த மனிசனை அல்லாஹ் நன்றாக வைக்கட்டும். ஒரு பெட்டி முடிந்து இரண்டாவது பெட்டியும் உள்ளே போனது. கை முதலில் சூடானது. பிறகு விரல்கள் என்னுடையவையாகின.

தட்டினேன். இரண்டு தரம். பெரிய சத்தமும் இல்லை.

இஹ்ஸான் திரும்பினான். ஒன்றுமே நடக்காதது போல நடந்து வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து எழும்பச் சொல்லி இழுத்தான். அப்போதுதான் பாங்கு சொன்னார்கள்.

ராத்தா மணலில் இருந்தபடி, தண்ணீர் சொட்டச் சொட்ட, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முக்காட்டுத் தலைப்பைப் பிழிந்துகொண்டு கேட்டார்.

"கைதட்டு. இவ்வளவுதானா? இத எங்களுக்குச் சொல்லித் தந்தா உனக்கென்ன குறையும்?"

4

அடுத்த நாள் நான் நோன்பில்லை. அன்றிரவு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கண்டபடி ஏசி அனுப்பியிருந்தார். நோன்பு மாதப் பகலில், வீடு முழுக்க நோன்பாளிகள் இருக்க, நான் ஒருத்தி சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருக்கிறேன். ராத்தா நோன்போடு எனக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, எதிரில் கதிரையைப் போட்டுக் காவல் இருக்கிறார்.

"தின்னு. பாத்துக்கொண்டிருந்தா இறங்காது."

"வெக்கமா இரிக்கி ராத்தா."

"வெக்கப்படு. தின்னுகொண்டு வெக்கப்படு." கறிச் சட்டியை என் பக்கம் தள்ளினார். "நோன்ப விடாம அப்பிடி என்னதான் துஆ கேக்கிற நீ? மகன் கதைக்க வேணும் எண்டா?"

அந்தத் துஆவை நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை, இஹ்ஸானின் வாப்பாவுக்குக்கூட. சொன்னேன். "யா அல்லாஹ், இவன விட ஒரே ஒரு நாள் கூடுதலா எனக்கு ஆயுசு தா எண்டு."

இப்படியான பிள்ளையைப் பெற்ற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்களில் நிறையப் பேர் கேட்கிறோம், வெளியில் சொல்வதில்லை. பெற்ற வயிறு இதைக் கேட்கலாமா என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

ராத்தா அப்படிக் கேட்கவில்லை. என் தட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார். "ஆயுசு கேக்கிறவ குளிசையத் தேத்தண்ணியோட போட்டுட்டுப் பட்டினி கிடக்கிறாவாம். அல்லாஹ் தாறதக் கையால தட்டிவிட்டுட்டு, வாயால கேட்டுக்கொண்டிரிக்கா."

சொல்லிவிட்டு அவர்தான் முதலில் அழுதார். பிறகு நானும் அழுதேன். இஹ்ஸான் வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டான்.

மிச்சமிருந்த நாட்களில் ராத்தா அவனைப் படித்தார். கைதட்டினால் முதல் நாள் அவன் திரும்பவில்லை. என் கை இல்லை என்று தெரிந்துவிட்டது. ராத்தா விடவில்லை. "நீ உன்ட உம்மாக்குத்தான் பிடிவாதம் காட்டலாம். நான் உம்மாட ராத்தா" என்று அவனோடு கதைத்துக்கொண்டே வாசலில் நின்று தட்டுவார். நாங்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வெளிக்கிட்ட காலையில் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். ராத்தா வான் வண்டியில் ஏறியவனை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். பிறகு கேட்டேன். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்யப் போனாராம்.

5

இப்போது நோன்பு மாதத்தில் நான் நோன்பு பிடிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க ராத்தா மூலம் ஒழுங்கு செய்கிறேன். பகலில் குசினியில் இருந்து சாப்பிடும்போது இன்னும் யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலத்தான் இருக்கிறது. தொலைபேசி எடுக்கிற நேரம், எடுக்காத நேரம் என்று வைத்திருக்கிறேன். சில தாய்மாருக்குக் கோபம். ஒருவர், "உங்கட புள்ளக்கு எல்லாம் கிடைச்சிட்டுது, அதான்" என்று சொன்னார். சொல்லட்டும். டாக்டரிடம் போகும்போது ஸஹ்லாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன செய்கிறது என்று ஒழுங்காகச் சொல்லுகிறேன். அவளும் நானும் அதற்காகவாவது கிழமைக்குக் கிழமை கதைக்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பாதத்தில் இப்போது உணர்வு குறைவு. செருப்பில் கல் இருந்தாலும் தெரிவதில்லை. வருத்தம் பதுங்கித்தான் இருக்கிறது, போகவில்லை.

தங்கச்சி, அதிபரோடு சண்டை பிடிக்கத்தான் வேண்டும். விடாதீர்கள். வேண்டிய சொல்லெல்லாம் சொல்லித் தருவேன். ஆனால் பகல் சோற்றைத் தின்றுவிட்டுப் போங்கள். அந்தச் சண்டையை வென்று வருகிற அன்றைக்கு உங்கள் பிள்ளைக்குப் பாடசாலை மட்டும் இருந்து, அவனைத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லாமல் போகக் கூடாது. உங்களுக்குத் தெரிந்ததை இன்றைக்கே ஒருவருக்காவது சொல்லிக் கொடுங்கள். மாமியாரோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டு ஆளோ. அவர்கள் பிழையாகச் செய்வார்கள். பிள்ளை அழும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆகக் கஷ்டம்.

எனக்கு அது இன்னும் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் லுஹருக்குப் பிறகு நான் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கு. இஹ்ஸானும் வாப்பாவும் மட்டும். அவர் களஞ்சியசாலையில் இரவு வேலை செய்து செய்து, மகன் நித்திரையில் கிடக்கும்போது மட்டும் அவனைப் பார்த்துப் பழகிய மனிசன். முதல் ஞாயிறு ஒரு கோப்பை உடைந்தது, அவருடைய மூக்குக்கண்ணாடியும் உடைந்தது. நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் சரிசெய்தேன். அவர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கி முடித்துவிட்டு, "நீ வந்தா நான் எப்பிடிப் பழகுற, புள்ள?" என்றார்.

இந்த ஞாயிறு நான் கதவைச் சாத்திக்கொண்டு படியில் கால் வைக்கும்போதே உள்ளே தொடங்கிவிட்டது. எனக்கு அந்த அழுகை தெரியும். அது பசி அழுகை அல்ல, வலி அழுகை அல்ல. ஏதோ ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எது என்று கதவுக்கு வெளியே நின்றே என்னால் சொல்ல முடியும். சாவி கையில் இருந்தது. உள்ளே வாப்பாவின் குரல் கேட்டது. "என்ன மகன்? இதா? இது இல்லையா? அப்ப எது? காட்டு, வாப்பாக்குக் காட்டு." ஏதோ இழுபட்டது. ஏதோ விழுந்தது. அழுகை ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு ஒரேயடியாக நின்றது.

சத்தமே இல்லை. அழுகையை விட அதுதான் எனக்குப் பயம். கதவில் காதை வைத்தேன். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் கண்டுபிடித்துவிட்டாரா, இல்லை வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அந்தக் கதவுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லி, சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, படியிறங்கிப் போனேன்.